ஜீப்பில் கை வைக்கும் முன்: மதுரைப் பக்கம் புதிதாக ஃபோர் பை ஃபோர் எடுத்தவர்களுக்கு

புதிதாகத் தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டி எடுத்தவர்களுக்கும் சரி, எங்கேயோ கிடந்த பழைய மஹிந்திரா ஜீப்பைத் தூசி தட்டி எடுத்தவர்களுக்கும் சரி, ஒரு மாதத்துக்குள் கை அரிக்க ஆரம்பித்துவிடும். முன்னால் இரும்பு பம்பர், தலைக்கு மேல் எல்இடி பார் என்கிற நீள விளக்குப் பட்டை, இடுப்பளவு டயர், மிலிட்டரிப் பச்சை. எனக்கும் அரித்ததுதான். நான் வாங்கிய பழைய ஜீப்பில் இதில் முக்கால்வாசி ஏற்கெனவே மாட்டியிருந்தது, அதற்காகவே விலையில் கொஞ்சம் கூட்டியும் கொடுத்தேன், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு இன்னொரு தரம் செலவழித்தேன். அந்த இரண்டாவது செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வண்டியை ரோட்டில் ஓட்டித்தான் கண்மாய்க்கோ சிறுமலைக்கோ போக வேண்டும், அதனால் முதலில் அது ரோட்டு வண்டி, அப்புறம்தான் காட்டு வண்டி.

முதலில் ஆர்.சி.யை எடுத்து வாசியுங்கள்

சிரிக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் வாசித்ததே இல்லை. வண்டியின் நிறம், இருக்கை எண்ணிக்கை, காலி எடை, பாடி வகை, எரிபொருள், என்ஜின் எண், சேஸ் எண் எல்லாம் அந்தப் பதிவுச் சான்று அட்டையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது சுருக்கமாக இதுதான்: கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி 182ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பம்பர், லைட்டு, டயர், கலர், சைலன்சர் என்று ஐந்து இருந்தால் கணக்கு 25,000.

சிறையெல்லாம் சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பட்டறையில் சொல்வார்கள். 2023 தொடக்கத்தில் ஸ்ரீநகரில் தார் வைத்திருந்த ஒருவருக்கு மாற்றங்களுக்காக ஆறு மாதம் என்றே தீர்ப்பானது, அப்புறம் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். அவ்வளவு தூரம் எல்லோருக்கும் போகாதுதான். ஆனால் வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க, நீங்கள் ஸ்பேனரோடு வெயிலில் நிற்பது சாதாரணமாக நடக்கும்.

சரி, கடனில் எடுத்த வண்டியா? ஆர்.சி.யில் பேங்க் பெயர் ஏறியிருந்தால், பெயிண்ட் மாதிரி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டிய எந்த மாற்றத்துக்கும் முதலில் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வாங்கும்போதே சரியான வேரியண்ட்டாக வாங்குங்கள்

இது ரொம்பப் பேர் கோட்டை விடுகிற இடம். ஷோரூமில் ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கீழ் வேரியண்ட்டை எடுத்துவிட்டு, வெளியே ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை), பெரிய ரிம், பின் சீட் என்று ஒரு லட்சத்துக்குப் போடுவார்கள். கம்பெனி ஹார்ட் டாப்போடு விற்கிற வேரியண்ட்டை எடுத்தால் அது ஆர்.சி.யிலேயே அப்படித்தான் இருக்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். சாஃப்ட் டாப் (துணிக் கூரை) வண்டியில் வெளியே செய்த கூரையை மாட்டினால் கேட்பார்கள். சீட்டும் அப்படித்தான். ஆர்.சி.யில் நான்கு என்றால் நான்கு, பின்னால் பலகை போட்டு ஆறு பேரை ஏற்றினால் கிடாவெட்டுக்குப் போய்ச் சேரலாம், விபத்தானால் இன்சூரன்ஸ் சேராமல் போகலாம்.

லைட்டு

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

என் ஜீப்பில் கூரை விளிம்பில் இரண்டடி நீளத்துக்கு ஒரு எல்இடி பார் இருந்தது. ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும், சோழவந்தானிலிருந்து திரும்பி வருகிறேன், வயல் நடுவே போகிற ரோடு, தெருவிளக்கு கிடையாது. ஜம்பமாக பாரைப் போட்டுக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு டிவிஎஸ் 50, பின்னால் வெற்றிலைக் கட்டு. என் வெளிச்சம் பட்டதும் வண்டி இரண்டு ஆட்டம் ஆடி ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் போய் நின்றது. நல்லவேளை விழவில்லை. இறங்கி ஓடினேன். பெரியவர் ஒருவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே, திட்டக்கூட இல்லை, “தம்பி, லைட்டப் போட்டுத்தேன் ஓட்டணும், அடுத்தவன் கண்ணப் புடுங்கியா ஓட்டுறது?” என்றார். கட்டு அவிழ்ந்து வெற்றிலை பாதி சேற்றில் கிடந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மறுநாள் காலையில் பாரைக் கழற்றிவிட்டேன்.

சட்டமும் அந்தப் பெரியவர் பக்கம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதுவும் வண்டியின் முன்னால் இருக்கக் கூடாது என்கிறது, பதிவு அதிகாரியிடம் முன் அனுமதி பெற்ற தனிப்பட்ட சந்தர்ப்பம் தவிர. ‘கவர் போட்டு மூடி வைத்திருக்கிறேன் சார்’ என்பது ஊர் முழுக்க ஓடுகிற ஒரு சமாதானம். விதியில் இருப்பது ‘இருக்கக் கூடாது’ என்பது, ‘எரியக் கூடாது’ என்பது இல்லை. காட்டுப் பாதைக்கு வேண்டுமென்றால் டிக்கியில் வைத்து எடுத்துப் போங்கள், போன இடத்தில் மாட்டுங்கள், திரும்பும்போது கழற்றுங்கள். சோம்பலாக இருக்கும்தான்.

ஃபாக் லைட் இரண்டு போதும், கம்பெனி கொடுத்த இடத்தில், பம்பர் உயரத்தில். முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் தெரியக் கூடாது, அது 108ஆம் விதி. கிரில்லுக்குள் சிவப்பும் நீலமுமாக மினுக்குகிற ஸ்ட்ரோப் போட்டு ஊருக்குள் போவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, பிடிக்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். பழைய வண்டிகளில் எச்4 ஹாலஜன், 60/55 வாட். அந்தக் கூட்டுக்குள் 100/90 பல்பையோ, கடையில் ‘வெள்ளையா அடிக்கும்ணே’ என்று கொடுக்கிற எல்இடி பல்பையோ செருகினால் உங்களுக்கு வெளிச்சம் கூடின மாதிரி தெரியும். உண்மையில் ஹாலஜனுக்காக வடித்த ரிஃப்ளெக்டர் அந்த வெளிச்சத்தைக் கண்டபடி இறைத்துவிடும், டிம் அடித்தாலும் எதிரே வருகிறவருக்கு பிரைட் மாதிரித்தான் இருக்கும். பல்பு மாற்றுவதற்கு முன்னால் லென்ஸில் மஞ்சள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எர்த் வயரைப் புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டிம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 106ஆம் விதியே ஒரு அளவு தருகிறது. லைட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலது பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. நாங்கள் இதை நாகமலைப் பக்கம் ஒரு காலி இடத்தில் செய்தோம். டேப் பிடித்து எட்டு மீட்டர் அளந்து, மச்சினனை நிற்கவைத்தால் ஆள் ஐந்தேமுக்கால் அடி, கண் மேலே போய்விட்டது, அதனால் முழங்காலை மடக்கி அரைகுறையாக உட்காரவைத்து, ஒன்றரை மீட்டரில் கோடு போட்ட மூங்கில் குச்சியைப் பக்கத்தில் நட்டு, டிம் போட்டேன். “மாமா, கண்ணு போச்சு” என்றான். ஹெட்லைட் பின்னாலிருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இறக்கி மூன்றாவது தடவைதான் சரியானது. வண்டியைத் தூக்கிக் கட்டினவர்கள், முன் ஸ்பிரிங் மாற்றினவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். முன்பக்கம் ஒரு அங்குலம் எழும்பினாலே வெளிச்சம் மரத்தில் ஏறிவிடும்.

பம்பர், வின்ச், கார்டு

2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் குழாய்த் தடுப்புகளான கிராஷ் கார்டு, புல் பார் கூடாது, மாட்டியிருந்தால் நடவடிக்கை எடுங்கள் என்று. காரணம் எளிது. மோதினால் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்க வேண்டும், அதைக் கணக்குப் பண்ணித்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு இரும்புக் குழாயைச் சேஸோடு சேர்த்துக் கட்டினால் அந்தக் கணக்குக் கெட்டுப்போகும். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவருக்கு எலும்பு மிஞ்சாது. வெல்டிங் பட்டறையில் ‘மாடு குறுக்கே வந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே’ என்பார்கள். வண்டிக்கு ஆகாதுதான்.

இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கிற வின்ச்சும் சேர்ந்தால் முன் அச்சில் ஐம்பது அறுபது கிலோ சாதாரணமாக ஏறும், ஆர்.சி.யில் இருக்கிற காலி எடையோடு ஒத்துப் போகாது, பிரேக்கும் ஸ்பிரிங்கும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். என் கருத்து, நம் ஊர்ப் பக்கம் ஓட்ட வின்ச்சே தேவையில்லை. வண்டியோடு வந்த டோ ஹூக்கில் மாட்ட ஒரு நல்ல கயிறு, கூட ஒரு வண்டி, ஒரு மண்வெட்டி போதும். வைகை மணலிலும் சரி, மழைக்கு அப்புறம் கரிசல் சகதியிலும் சரி, நான் மாட்டிக்கொண்டதெல்லாம் டயரில் காற்றைக் குறைக்காததால்தான். மணலில் 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாகப் போங்கள், தார் ரோடு வந்ததும் பம்ப்பை எடுத்துத் திரும்ப ஏற்றுங்கள். பத்து நிமிட வேலை.

டயரும் உயரமும்

டயரில் 95ஆம் விதி, கம்பெனி சொன்ன அளவையும் தாங்கும் திறனையும் பார்க்கச் சொல்கிறது. அளவு மாறாமல் ஏ.டி. (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன்) பட்டன் வைத்த டயர் போட்டால் சிக்கல் இல்லை, அதன் மேல் எடைத் திறனைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் எண்ணும் வேக வரம்பைக் காட்டும் ஸ்பீடு எழுத்தும் பழைய டயரைவிடக் குறையாமல் இருக்கட்டும். அதே மாடலில் இன்னொரு வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்றால் பேச வழி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஏன் என்று ஒரு கணக்கு. ஜிம்னிக்கு வருவது 195/80 ஆர்15, வெளி விட்டம் 693 மி.மீ. அதில் 235/75 ஆர்15 மாட்டினால் விட்டம் 733 மி.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது பழைய டயரில் ஓடியதைவிட 5 கி.மீ. அதிக வேகத்தில் வண்டி ஓடும். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அந்த இடைவெளியை இந்த டயர் தின்றுவிடும். பிக்கப் குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், திருப்பும்போது உள்ளே உரசும். டயர் மட்கார்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் கல் தெறிக்கும், செக்கிங்கில் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதும் அதுதான். பட்டன் தேய்மானம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்ட பலரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு அங்குலம் தூக்கினவர்கள் அலைன்மெண்ட், பிரேக் ஹோஸ் நீளம், ஜாயிண்ட் கோணம் என்று மூன்று தடவை பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். சிறுமலையின் பதினெட்டு வளைவில் தூக்கின வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஆசை போய்விடும்.

பச்சைப் பெயிண்ட், நம்பர் பிளேட், இன்ன பிற

ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. 121ஆம் விதி நேரடியாகச் சொல்கிறது, அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும். பழைய ஜீப்புக்கு அந்த நிறம்தான் அழகு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், என்ன செய்ய. வேறு நிறம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம், அப்புறம் பெயிண்ட், அப்புறம் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுவது, இந்த வரிசையில் போங்கள். மதுரையில் டி.என். 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி என்று மூன்று அலுவலகங்கள் இருக்கின்றன, உங்கள் வண்டி எதில் இருக்கிறதோ அங்கேதான். முழு வண்டிக்கும் வேறு நிறத்தில் ராப் (ஸ்டிக்கர் உறை) ஒட்டினாலும் நிறம் மாறிய வண்டிதான் அது.

நம்பர் பிளேட்டில் கலைத்திறனைக் காட்டாதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கம்பெனியே தருகிறது, அதை அப்படியே விடுங்கள். பழைய வண்டியில் எழுத்து 65 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன். பின்னால் ஸ்டெப்னியோ, ஜாக்கியோ, தண்ணீர் கேனோ மாட்டும்போது பிளேட்டை மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கறுப்பு ஃபிலிம் பற்றி 2012இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. கண்ணாடியில் ஒன்றும் ஒட்டாதீர்கள், துண்டை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏர் ஹாரன், ராகம் பாடுகிற ஹாரன் இரண்டும் கூடாது. சைலன்சரை அறுத்தால் சத்தத்துக்கும் புகைக்கும் சேர்த்து 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதம் லைசென்ஸும் போகலாம். கதவைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: தாரில் சைடு மிர்ரர் கதவில்தான் இருக்கிறது, கதவோடு அதுவும் போய்விடுகிறது. தோட்டத்துக்குள் ஓட்டுங்கள், கோரிப்பாளையம் சிக்னலுக்கு அப்படி வராதீர்கள்.

பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கு

ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஒரு ஊர், ஜீப்பைக் கட்டிக் கொடுப்பதற்கே பெயர் போனது. அங்கிருந்து லாரியில் வருகிற வண்டிகள் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். வாங்கும் முன் சேஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒத்துப் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். என்ஜின் வேறு கம்பெனியுடையது, ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். வெளி மாநில வண்டி என்றால் அங்கே படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பன்னிரண்டு மாதத்துக்குள் புது எண், நம் மாநில வரி எல்லாம் கட்ட வேண்டும். அந்த வரியைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி. அன்றைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்கும்போது சேஸ் எண்ணை பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கச் சொல்வார்கள். என் ஜீப்பில் முந்தைய ஓனர் துருப்பிடிக்காமல் இருக்க அந்த எண் மேலேயே கெட்டியாகக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டிருந்தார். ஒரு எழுத்தும் வரவில்லை. “போய்ச் சுத்தம் பண்ணிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள், ஒரு நாள் போனது. வீட்டில் மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து, நகத்தாலும் பிளாஸ்டிக் அட்டையாலும் சுரண்டி, மாலைக்குள் எண் வெளியே வந்தது. தப்பித் தவறி அரத்தையோ கிரைண்டரையோ அங்கே வைத்துவிடாதீர்கள். எண்ணில் கீறல் விழுந்தால் திருட்டு வண்டி மாதிரித் தோன்றும், அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது.

கிளம்புவதற்கு முன்

குமுளி, போடிமெட்டு தாண்டிப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கெடுபிடி என்பது ஊரறிந்தது. புகைச் சான்று, இன்சூரன்ஸ், ஆர்.சி. மூன்றையும் டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்துக்காக ஒரு ஜெராக்ஸும் இருக்கட்டும். எதிரொளிக்கும் முக்கோணம் வண்டியில் இருக்க வேண்டும், பலரிடம் இல்லை. எதையாவது கூடுதலாக மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லுங்கள், கிளெயிமின்போது சர்வேயர் முதலில் தேடுவது அதைத்தான். பெட்ரோல் கேனைக் கூரையில் கட்டுவது வேண்டாம், நம் வெயிலுக்கு அது சரிப்படாது.

இன்னொன்று. வண்டி எவ்வளவு சட்டப்படி இருந்தாலும் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. மேலூர்ப் பக்கம் இருக்கிற அரிட்டாபட்டி 2022இலிருந்து பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், அந்தப் பாறைகளில் டயர் ஏற்றிப் படம் எடுக்க நினைக்காதீர்கள். கண்மாய்க்குள் இறங்குவதென்றால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கரையில் ஓட்டாதீர்கள், கரை உடைந்தால் நெல் போகும்.

கழற்றிய அந்த எல்இடி பாரை என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: மச்சினன் தென்னந்தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் ஒரு பழைய பேட்டரியோடு மாட்டியிருக்கிறோம். ராத்திரி கரண்ட் போனால் பன்றி விரட்ட நன்றாகத்தான் இருக்கிறது.